மெட்டு தெரியாமல் தாந்தேயைப் படிக்கலாமா?

மத்தியகால இத்தாலியக் கவிதைகள் எல்லாமே பாடுவதற்காக எழுதப்பட்டவையா, மெட்டு தெரியாமல் படித்தால் பாதிதான் புரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதாவது கச்சேரி விளம்பரம் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படி ஒன்றுக்குப் போனவன்தான்.

இத்தாலியில் வேலை பார்த்த காலத்தில் 'காசெல்லாவின் பாட்டு' என்று ஒரு நிகழ்ச்சி. மத்தியகால இத்தாலியக் கவிஞர் தாந்தே, செத்தவர்களின் உலகில் தானே பயணம் போவதாக எழுதிய காவியம் 'டிவைன் காமெடி'. அதன் முதல் பாகம் நரகம். இரண்டாவது, ஆன்மாக்கள் பாவம் கழுவப்படும் உத்தரிக்கிற ஸ்தலம். அந்த இரண்டாம் பாகத்தின் இரண்டாம் படலத்தில், இறந்துபோன பாடகன் காசெல்லாவை தாந்தே சந்திக்கிறார். மூன்று முறை கட்டிப்பிடிக்கப் போகிறார். மூன்று முறையும் தாந்தேயின் கை அவருடைய நெஞ்சுக்கே திரும்புகிறது. ஒரு பாட்டுப் பாடேன் என்கிறார். காசெல்லா பாடுவது தாந்தேயே எழுதிய பாட்டை. பாடும் நண்பன் ஒருவனைச் சிறு வயதிலேயே இழந்தவன் நான். அன்று அரங்கில் அழுதுவிட்டேன். முடிந்ததும் எந்தச் சுவடியிலிருந்து எடுத்த மெட்டு என்று கேட்டேன். போன வருடம் நாங்களே போட்டது என்றார்கள். கொடுத்த தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. புது மெட்டு போடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போடலாமே.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தாந்தேயின் எந்தக் கவிதைக்கும் அந்தக் கால மெட்டு நமக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு முன்பு சிசிலியில் இரண்டாம் ஃபிரெடெரிக் அரசவையில் எழுதிய கவிஞர் ஜாக்கொமோ தா லெந்தீனி பத்திரம் எழுதும் ஒரு நோட்டரி. அந்த அரசவைக் கவிஞர் கூட்டம் எழுதியதே படிப்பதற்குத்தான் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மாற்றுக் கருத்தும் உண்டு, தெரியும். தாந்தேயே தாய்மொழிக் கவிதை பற்றிய தன் லத்தீன் நூலில், கன்சோனே என்ற நீண்ட கவிதை வகையைப் பற்றி, மெட்டில்லாமல் ஏட்டில் கிடந்தாலும் கன்சோனே கன்சோனேதான், வெறும் மெட்டை யாரும் அப்படி அழைப்பதில்லை என்கிறார். ஆட்டத்துக்கான பாட்டு வகையான பல்லாத்தாவுக்கு ஆடுபவர்கள் வேண்டும், கன்சோனேக்கு யாரும் வேண்டாம், அதனால் அதுவே உயர்ந்தது என்றும் வாதாடுகிறார். ஆனாலும் கன்சோனேயின் கண்ணியை அவர் பிரிப்பது மெட்டு எங்கே திரும்ப வருகிறது, எங்கே மாறுகிறது என்பதை வைத்துத்தான். இசை போன பிறகும் அதன் எலும்பு உள்ளே இருக்கிறது.

நிஜமான அந்தக் கால மெட்டு வேண்டுமென்றால் கொர்த்தோனா ஊரின் 13ஆம் நூற்றாண்டு லாவுதா, அதாவது பக்திப் பாட்டுத் தொகுப்பைக் கேளுங்கள். சாதாரண ஜனங்களின் பக்திச் சபைகள் பாடியவை. 46 பாட்டுகளுக்கு மெட்டு எழுதப்பட்டிருக்கிறது.

அப்புறம் ஒன்று. தாந்தே என்றாலே எல்லோரும் நரகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் இருந்த வாசிப்புக் குழுவும் நரகத்தின் 34 படலங்களோடு கலைந்தது. பாட்டே அடுத்த பாகத்தில்தான் தொடங்குகிறது என்று எவ்வளவோ சொன்னேன், யாரும் வரவில்லை.