கொரங்காடு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் வேளாண் பிரிவு ஆசிரியர் நான். மாணவர்களுக்கும், கொரங்காடு (வேலியடைத்து, புல்லும் மரமும் வளர்க்கும் மானாவாரி மேய்ச்சல் நிலம்) வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் மேய்ச்சல் மேலாண்மை பற்றி ஒருநாள் பயிற்சி நடத்தப்போகிறோம். எதில் தொடங்குவது?
– காங்கயம் வாசகர்

பதில்: காட்டில் தொடங்குங்கள். பருவநிலை மாற்றம் பற்றிப் படம் காட்டியே முற்பகலை ஓட்டினால், மாடு வைத்திருப்பவர் டீ குடித்ததும் கிளம்பிவிடுவார். அவர் கையில் கருக்கரிவாளைக் கொடுத்துப் புல்லை எடைபோட வையுங்கள்.

கம்பியிலோ மூங்கிலிலோ 1 மீட்டருக்கு 1 மீட்டர் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். கிராம் காட்டும் தராசும் சாக்கும் வேண்டும். காட்டுக்குள் 10 இடத்தில் சட்டத்தைப் போட்டு, உள்ளே இருக்கும் புல்லை மட்டும் அறுங்கள். எல்லோரும் புல் செழித்த இடமாகப் பார்த்துத்தான் சட்டத்தை வைப்பார்கள். அதனால் நடந்தபடியே முதுகுக்குப் பின்னால் வீசச் சொல்லுங்கள். அறுத்ததை, எடை மேலும் குறையாத வரை காயவைக்க வேண்டும். அது ஒரே நாளில் நடக்காது என்பதால், சில நாள் முன்பே அறுத்துக் காயவைத்த மாதிரியைத் தயாராக வைத்திருங்கள்.

சராசரி 150 கிராம் வந்ததாக வைத்துக்கொள்வோம். ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக ஏறத்தாழ 600 கிலோ காய்ந்த புல். பாதியை நிலத்துக்கு விட்டால் மேய்ச்சலுக்கு 300 கிலோ. 320 கிலோ எடையுள்ள மாடு தன் எடையில் 2.5 சதவீதம், அதாவது நாளுக்கு 8 கிலோ தின்னும். ஐந்து மாட்டுக்கு ஒரு வாரத் தீனிதான் இது! பலருக்கு இந்த இடத்தில்தான் உறைக்கும். செம்மறி என்றால் எட்டு உருப்படியை ஒரு மாடாகக் கணக்கிடலாம்.

பாதியை ஏன் விட வேண்டும்? இலையில் பாதிக்கு மேல் போனால் வேர் வளர்வது நிற்கத் தொடங்கும். வேர் மேலாகவே நின்றால், இரண்டு மழைக்கு நடுவில் வரும் நீண்ட வெயிலைப் புல்லின் தூர் (அடிக்கட்டு) தாங்காது. மழை தாறுமாறாகிவரும் இந்தக் காலத்தில் இதை முதலில் புரியவைக்க வேண்டும். பிற்பகலில் அடி வெட்டிய டின்னைத் தூர் அருகில் ஒருமுறையும், வெறுந்தரையில் ஒருமுறையும் அழுத்தி, 1 லிட்டர் தண்ணீர் ஊற்றி, உறிஞ்ச எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான்கு ஏக்கர், ஐந்து மாடு. நாலாகப் பிரித்து 15 நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஆனாலும் கொழுக்கட்டைப்புல் (கொரங்காட்டின் முக்கிய மேய்ச்சல் புல்) அருகிவருகிறதே?
– வெள்ளகோவில் வாசகர்

பதில்: மழைக்குப் பின் ஒரு வாரத்திலேயே தூரில் இளந்தளிர் வந்துவிடும். 15 நாள் அதே பகுதியில் நிற்கும் மாடு முற்றிய புல்லை விட்டுவிட்டு அதைத் தேடிப் போய்க் கடிக்கும். இந்த இரண்டாவது கடிதான் தூரைக் கொல்கிறது. ஆறாகப் பிரித்து 7 நாளுக்கு ஒன்று மாற்றினால் ஒவ்வொரு பகுதிக்கும் 35 நாள் ஓய்வு கிடைக்கும். புது வேலிக்குக் கிளுவைப் போத்து (நட்டால் உயிர்வேலியாகும் கிளை) வேர்பிடிக்கும் வரை சோலார் மின்வேலிக் கயிறு போதும்.

நாள் கணக்கும் முழுதாக நம்பத்தக்கதல்ல. கட்டைவிரலை நிமிர்த்தி முஷ்டியைத் தரையில் வையுங்கள். ஏறத்தாழ 15 செ.மீ. மாடு மேய்ந்து புல் அந்த உயரத்துக்கு இறங்கியதும் மாட்டை வெளியேற்றிப் படலைச் சாத்திவிடுங்கள். ஆறு பகுதியும் முடிந்து, முதல் பகுதி இன்னும் தழையவில்லை என்றால் மாட்டைப் பட்டியில் கட்டிச் சோளத்தட்டு போட வேண்டியதுதான். கோடையில் புல் வளராது. அந்த நாட்கள் ஓய்வுக் கணக்கில் சேராது. வெள்வேல நெற்று உதிரும் காலம் அது; பொறுக்கி வையுங்கள். சீமைக்கருவேல நெற்றை மட்டும் தின்னவிடாதீர்கள், சாணம் விழுந்த இடமெல்லாம் முளைக்கும்.

கேள்வி: மண்ணில் கார்பன் சேர்த்தால் பணம் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: மண்ணில் கார்பன் மெதுவாகத்தான் ஏறும், ஆழ உழுதால் சேர்ந்ததில் ஒரு பகுதி போய்விடும். எத்தனை ஆண்டு உழக்கூடாது, மண்பரிசோதனைச் செலவு யாருடையது என்று பாருங்கள். இரண்டும் எழுத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: கொழுக்கட்டைப்புல் விதை முளைக்கவில்லை. விதை போலியா?

பதில்: புது விதையாக இருக்கும். அறுத்து ஆறு மாதமாவது வைத்திருந்து விதைக்க வேண்டும். ஏக்கருக்கு 2.5 முதல் 3 கிலோ. ஆழம் 1 செ.மீ.க்கு மேல் போனால் வராது. காற்றும் எறும்பும் கொண்டுபோகாமலிருக்க மண்ணும் சாணமும் சேர்த்து உருட்டிக்கொள்ளுங்கள். முயல் மசால் (பயறு வகைத் தீவனச் செடி) கலப்பதானால், அதன் விதையை 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் போட்டெடுங்கள். முதல் கதிர் உதிரும் வரை ஆடு உள்ளே வரக்கூடாது. அடிமட்டம் கடித்து இளந்தூரைப் பிடுங்கிவிடும்.