ஊருக்குப் போய் பார்த்துக்கலாமா? திருப்பூர் தொழிலாளர்களின் கேள்விகள், டாக்டர் பதில்கள்

கேள்வி: கமுதிப் பக்கம் எங்கள் ஊர். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், வயது 24. மூன்று வாரமாக இருமல். சாயங்காலம் ஆனால் உடம்பு லேசாகக் காய்கிறது. 'பஞ்சுத் தூசிதான், ஊருக்குப் போனால் சரியாகிவிடும்' என்கிறார்கள் ரூமில் இருக்கும் ஐந்து பேரும். பொங்கலுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, பொங்கல் வரை தள்ளாதீர்கள். பஞ்சுத் தூசித் தொல்லைக்கு ஒரு போக்கு உண்டு. ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்ப்பவர்களுக்கு ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை உள்ளே போனதும் நெஞ்சு இறுகும். வாரம் போகப் போகத் தணியும். நீங்கள் சொல்வது அப்படி இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், கூடவே மாலைக் காய்ச்சல் என்றால் முதலில் செய்ய வேண்டியது சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம். காசநோயாக இருந்தால், ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஆறு பேர் படுக்கும் அறையில் அது உங்களோடு நிற்காது. மற்ற ஐவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

உறுதியானால் பொதுவாக 6 மாதம் மாத்திரை, அதுவும் இலவசம். மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ரத்தம் என்று பயந்து பாதியில் விட்டவர்கள் இருக்கிறார்கள். ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம்தான் அது, ஆபத்தில்லை. இருமல் நின்று உடம்பு தேறியதும் நிறுத்துவதுதான் ஆபத்து. மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காமல் திரும்பலாம். நடுவில் ஊருக்குப் போக நேர்ந்தால் நிக்சய் எண்ணை (அரசின் காசநோய்ப் பதிவில் உங்களுக்குத் தரும் எண்) காட்டுங்கள், சிகிச்சையை அங்கே மாற்றித் தருவார்கள். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவி 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய்.

சம்பளம் போய்விடுமே என்ற பயம் எனக்குப் புரிகிறது. சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்து, சந்தா கட்டிய நாள்கள் சரியாக இருந்தால், மருத்துவ விடுப்புக்குச் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். காசநோய்க்கு இதைவிடக் கூடுதல் உதவியும் உண்டு. சனிக்கிழமை சம்பளம் கையில் வாங்கும்போதே இஎஸ்ஐ எண்ணைக் கேட்டு வாங்கிவையுங்கள்.

கேள்வி: செக்கிங்கில் வேலை. காலை எட்டரைக்கு நின்றால் ராத்திரி எட்டரை வரை, ஒன்றரை ஷிப்ட். பாத்ரூம் சுத்தமாக இல்லாததால் தண்ணீரே குடிப்பதில்லை. இப்போது நீர்க்கடுப்பு, கால் வீக்கமும் இருக்கிறது.

பதில்: அம்மா, தண்ணீரைக் குறைத்து, வருகிற சிறுநீரையும் அடக்குவதுதான் கடுப்புக்கு வழி செய்கிறது. சிறுநீர்ப் பரிசோதனை செய்து, டாக்டர் தரும் மருந்தை அவர் சொன்ன எல்லா நாளும் விடாமல் சாப்பிடுங்கள். குளிர், காய்ச்சல், விலாப்பக்கம் வலி வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. வீக்கம் காலையிலும் வடியாவிட்டாலோ, முகமும் உப்பினாலோ சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும்.

ஆனால் இதில் பாதி நோய் கம்பெனியின் நோய். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, குடிநீர், நின்று வேலை செய்பவர்கள் இடையில் உட்கார வசதி, இவை மூன்றும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தன. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இருக்கின்றன. நான்கு பேராகச் சேர்ந்து சூப்பர்வைசரிடம் கேளுங்கள்.

கேள்வி: இடுப்பு வலிக்கு மெடிக்கலில் தினமும் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டு, டீயும் போண்டாவும் சாப்பிட்டு ஓட்டுகிறேன். வயிறு எரிகிறது.

பதில்: அந்த மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகளைத் தினமும் போட்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம். மலம் தார் போலக் கறுத்துப் போனால் உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். போண்டாவுக்குப் பதில் இரண்டு இட்லி, ஒரு அவித்த முட்டை போதும். இடுப்புக்கு மணிக்கொரு முறை எழுந்து நிமிர்வதும், ஸ்டூல் உயரத்தைச் சரிசெய்வதும் மாத்திரையைவிட நல்லது.

கேள்வி: அப்பா இங்கே வாட்ச்மேன். பிரஷர் மாத்திரை ஊர் ஆஸ்பத்திரியில் வாங்கியது, தீர்ந்து மூன்று மாதம் ஆகிறது. தலைவலி ஒன்றும் இல்லை என்கிறார்.

பதில்: ரத்த அழுத்தம் பெரும்பாலும் வலித்துக் காட்டாது, பக்கவாதமாகத்தான் காட்டும். பக்கத்திலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே மாத்திரை இலவசமாகத் தருவார்கள். ஊருக்குப் போக வேண்டியதில்லை. பழைய சீட்டு இல்லாவிட்டால் காலி மாத்திரை அட்டையையாவது கொண்டுபோய்க் காட்டுங்கள்.