வெள்ளத்தில் மூழ்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரை மீட்க முடியுமா, கழித்துவிடுவதுதான் நல்லதா?

மீட்க முடியும். ஆனால் இன்று முடிகிற காரியம் அடுத்த வாரம் முடியாமல் போகலாம் என்பதால், மற்ற எதையும் படிப்பதற்கு முன் ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: சாவியைத் திருப்பாதீர்கள்.

1970-களில் வந்த உங்கள் கார் இரண்டு நாள் வெள்ளத்தில் நின்றது என்றும், காப்பீட்டு நிறுவனத்தார் நேரில் வந்து பார்க்கும்வரை எதையும் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றும், அதுவரை ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா என்று தோன்றுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதே நிலையில் நான் நின்றிருக்கிறேன். நான் ஸ்டார்ட் செய்யவில்லை, அது சரி. எதையும் தொடாமல் ஒன்பது நாள் காத்திருந்தேன். அது பெரும் தவறு. என் வண்டிக்கு வெள்ளம் செய்த சேதத்தைவிட அந்த ஒன்பது நாள் செய்த சேதம் அதிகம் என்பதை இன்ஜினைப் பிரித்த பிறகுதான் அறிந்தேன்.

என்னுடையது 1968-இல் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, நான்கு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் எஸ்யூ கார்புரேட்டர் இரண்டு, ஸ்போக் சக்கரங்கள். சித்தப்பா வைத்திருந்து எனக்குக் கொடுத்தது. தண்ணீர் வடிந்தபோது கதவுக் கைப்பிடிக்கு நான்கு விரல் கீழே, வண்டியைச் சுற்றிலும் நேர்கோடாகச் சேற்றுத் தடம் இருந்தது. அந்த உயரத்தைப் பார்த்ததும் கார்புரேட்டருக்குள்ளும் தண்ணீர் புகுந்திருக்கும் என்று புரிந்துவிட்டது. காற்று வடிகட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்த காகிதம் பாதிவரை பழுப்பாக ஊறியிருந்தது. உங்கள் வண்டியிலும் முதலில் அதைத்தான் பாருங்கள். வடிகட்டி உலர்ந்திருந்தாலும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம், ஏனெனில் புகைக்குழாய் வழியாகவும் தண்ணீர் மேலேறும்.

சாவியைத் திருப்பக் கூடாது என்பதற்குக் காரணம் சொல்கிறேன், ஏனென்றால் "என் நண்பர் ஸ்டார்ட் செய்தார், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது கீழே வந்து எழுதத்தான் போகிறார்கள். என் இன்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 450 கன சென்டிமீட்டர். அழுத்த விகிதம் 8.8-க்கு 1. அப்படியென்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் மேலே மிஞ்சுகிற இடம் 58 கன சென்டிமீட்டர் அளவுதான். காற்று அதற்குள் அடங்கிவிடும், தண்ணீர் அடங்காது. அந்த அளவுக்கு மேல் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் பிஸ்டனைத் தள்ளினால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். இன்ஜின் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கிய பிறகு அது நடந்தால் ராட் முறிந்து, இன்ஜினின் உடலான பிளாக்கின் பக்கச்சுவரையே உடைத்துக்கொண்டு வெளியே வரலாம். பழைய வண்டியில் பிளாக் போனால் அதிலுள்ள இன்ஜின் எண்ணும் போயிற்று. மூல இன்ஜினோடு இருக்கும் வண்டி என்ற மதிப்பும் அதோடு போய்விடும். உங்கள் நண்பருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், தண்ணீர் சிலிண்டருக்குள் போகவில்லை என்றுதான் பொருள்.

எனக்கு வழிகாட்டியவர் ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக். ஒன்பதாம் நாள் மாலை, பொறுக்க முடியாமல் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "தம்பி, பிளக்கைக் கழட்டிட்டீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. சிலிண்டருக்குள் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைத்தான் சொன்னார். "இல்லைங்க ஐயா, மதிப்பீட்டாளர் வரும்வரை தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இரும்புக்கு அந்த உத்தரவெல்லாம் தெரியாது தம்பி, இப்பவே கழட்டுங்க, நான் காலையில வர்றேன்" என்றார்.

கழற்றினேன். ஒன்றாம், மூன்றாம் பிளக்குகள் உலர்ந்து வந்தன. இரண்டாவதும் நான்காவதும் துருவோடு வந்தன. விளக்கை உள்ளே பிடித்துப் பார்த்தால் அந்த இரு சிலிண்டர்களிலும் பழுப்பு நீர் தேங்கி நின்றது. மறுநாள் காலையில் வந்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டு விளக்கினார்: வண்டி நிறுத்தப்பட்ட நிலையில் இரண்டாவது சிலிண்டரில் புகை வெளியேறும் வால்வும், நான்காவதில் காற்று உள்ளே வரும் வால்வும் திறந்திருந்தன. ஒன்றில் புகைக்குழாய் வழியாகவும் மற்றொன்றில் கார்புரேட்டர் வழியாகவும் தண்ணீர் புகுந்தது. சிலிண்டர்களில் தீப்பற்றும் வரிசையான 1-3-4-2 என்ற எரிவரிசையை வைத்துப் பார்த்தால் அது அப்படியே பொருந்தியது. தற்செயலாக எந்த இடத்தில் இன்ஜின் நின்றதோ, அதுதான் எந்தச் சிலிண்டர் பிழைக்கும் என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

இன்ஜின் இறுகிவிட்டிருந்தது. தேங்கிய நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயிலையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து நான்கு சிலிண்டர்களிலும் ஊற்றி, ஐந்து நாள் ஊற வைத்தோம். (அசிட்டோன் எளிதில் தீப்பற்றக்கூடியது, காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யுங்கள்.) பிறகு பிளக்குகள் இல்லாத நிலையில், டாப் கியரில் போட்டு, வண்டியை இரண்டு பேர் கையால் முன்னும் பின்னுமாக அசைத்தோம். மூன்றாம் நாள் முயற்சியில் ஒரு விரல் அளவு நகர்ந்தது. அதன்பின் மெல்ல மெல்ல முழுச் சுற்று வந்தது. இரண்டாவது பிளக் துளையிலிருந்து துருப்பொடி கலந்த எண்ணெய் பீய்ச்சியடித்து என் சட்டை முழுவதும் தெறித்தது. சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றியபோது, பிஸ்டன் நின்றிருந்த இடத்தில் சிலிண்டர் சுவரைச் சுற்றி வளையம் போலத் துரு அரித்திருந்தது. நகத்தால் தடவினால் குழி தெரிந்தது. முதல் நாளே நீரை எடுத்துவிட்டு எண்ணெய் ஊற்றியிருந்தால் சுவரை லேசாகத் தேய்த்து (ஹோன் செய்து) முடித்திருக்கலாம். என் விஷயத்தில் நான்கு சிலிண்டர்களையும் 0.020 அங்குலம் அகலமாகக் கடைந்து, புதிய பிஸ்டன்கள் போட வேண்டியதாயிற்று.

காப்பீட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், மனத்தில் இன்னும் ஆறவில்லை. பத்தாம் நாள் வந்த மதிப்பீட்டாளர் ஏழு நிமிடம் நின்றார். பானெட்டைத் திறக்கக்கூடக் கேட்கவில்லை. "முழு நஷ்டம்" என்று எழுதிக்கொண்டார். அந்த ஏழு நிமிடத்திற்காகவா நான் ஒன்பது நாள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது. பிறகு பாலிசியை வரிவரியாகப் படித்தபோதுதான், சேதம் மேலும் பெருகாமல் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது உரிமையாளரின் கடமை என்ற விதி அதிலேயே இருப்பதைக் கண்டேன். பெரும்பாலான பாலிசிகளில் இப்படி ஒரு விதி இருக்கும். உங்களுடையதிலும் தேடிப் பாருங்கள். ஆகவே சேற்றுக் கோட்டின் உயரத்தை அளவுகோல் வைத்துப் படமெடுங்கள், இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் படமெடுங்கள், "சேதம் பெருகாமல் தடுக்க இன்ன இன்ன வேலையைத் தொடங்குகிறேன்" என்று நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள், அனுப்பிய கையோடு வேலையைத் தொடங்குங்கள். நான் வழக்கறிஞன் அல்லன். பாலிசி உங்கள் கையில் இருக்கிறது. ஐயம் இருந்தால் தெரிந்த ஒருவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். முழு நஷ்டம் என்று முடிவானாலும் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று கேட்கத் தவறாதீர்கள். நான் அப்படித்தான் மீட்டேன்.

அடுத்து நான் சொல்லப்போவது பலருக்கும் விபரீதமாகப் படும்: நனைந்த வண்டியை மறுபடியும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். அதுவும் சேறு காய்வதற்கு முன்பே கழுவ வேண்டும். வெள்ளநீர் கொண்டுவரும் வண்டல் மிக நுண்ணியது. அது காய்ந்துவிட்டால், காற்றில் ஈரம் இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்ட வைத்துக்கொண்டே இருக்கும். எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடற்கூடுதான் சட்டகம். கூரையில்லாத ரோட்ஸ்டரில் கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டிப் பகுதிதான் வண்டியை வளையாமல் தாங்குகிறது. வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே சேறு அடைத்திருக்கும். நான் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, ரப்பர் அடைப்பான்களைப் பிடுங்கிவிட்டு, ஹோஸை உள்ளே நுழைத்துத் தண்ணீர் விட்டேன். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு வாளிக்கு மேல் வண்டல் வந்தது. நீர் தெளிவாக வெளியேற அரைநாள் ஆயிற்று. அதன்பின் பல வாரம் காற்றடித்து உலர்த்திய பிறகே உள்ளே துருவைத் தடுக்கும் மெழுகு அடித்தேன். ஈரத்தின் மேல் மெழுகு அடித்தால் துருவை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும்.

எண்ணெய்கள் விஷயத்தில் தயங்கவே வேண்டாம், எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பின் போல்ட்டைத் தளர்த்தியபோது முதலில் வந்தது தெளிந்த தண்ணீர், பிறகு வெண்பழுப்புக் குழம்பு, கடைசியில்தான் ஆயில். கியர்பாக்ஸும் பின்அச்சும் மூடிய பெட்டிகள் போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் மூச்சுத்துளை உண்டு, அதன் வழியே நீர் புகும். பெட்ரோல் டேங்க்கில் நீர் அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை ஈர்க்கும் குணம் உண்டு. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் அதற்கான வரம்பே 155 டிகிரிதான். இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகிவிடும். ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது, சக்கரங்களில் உள்ள பிரேக் சிலிண்டர்களையும் பிரித்துப் பாருங்கள்.

மின்சாரப் பகுதிதான் என்னை நீண்ட நாள் அலைக்கழித்தது. 1968 எம்ஜிபியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கைகளுக்குப் பின்னே, வண்டியின் தளத்துக்கும் கீழே தொங்கும் தொட்டிகளில் இருக்கும்; வண்டியிலேயே முதலில் மூழ்குபவை அவைதாம். உங்கள் வண்டியில் பேட்டரி எங்கே இருந்தாலும் முதல் வேலையாக இணைப்பைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், வைப்பர் மோட்டார் மூன்றையும் பிரித்துக் கழுவி உலர்த்தினேன், பிழைத்தன. வயரிங்கை மட்டும், இணைப்புகளைத் துடைத்துவிட்டால் போதும் என்று விட்டுவைத்தேன். மூன்று மாதம் எல்லாம் எரிந்தது. பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் பம்ப் நின்றது, ஒரு விளக்கு மங்கியது, ஹாரன் தானாக ஒலித்தது. ஒரு வெள்ளை வயரை இணைப்பிலிருந்து வெட்டி, உறையைச் சீவிக்கொண்டே போனேன். ஒரு சாண் தூரம்வரை செம்பு இழைகள் கரிபோலக் கறுத்திருந்தன. திரி எண்ணெயை இழுப்பது போல வயர் நீரை உள்ளே இழுத்திருக்கிறது. வயரிங் முழுவதையும் புதிதாக மாற்றினேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

கார்ப்பெட்டையும் அதன் அடியில் இருக்கும் கம்பளித் திண்டையும் முதல் நாளே எறிந்துவிடுங்கள். அந்தத் திண்டு மாதக்கணக்கில் ஈரத்தை வைத்திருந்து தரைத் தகட்டைத் தின்னும். தோல் இருக்கையை மட்டும் காப்பாற்ற முயலலாம்: உள்ளே உள்ள பஞ்சைக் கழித்துவிட்டு, தோலை நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, முழுதும் காய்வதற்குள் தோலுக்கான களிம்பைப் பலமுறை தடவ வேண்டும். வெயிலில் போட்டால் சுருங்கிவிடும். டாஷ்போர்டுப் பெட்டியில் சித்தப்பாவின் பராமரிப்புக் குறிப்பேடு இருந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஆனால் அவர் பென்சிலில் எழுதும் பழக்கமுள்ளவர் என்பதால் ஓர் எழுத்தும் கலையவில்லை. தாள் தாளாகப் பிரித்து உலர்த்தினேன். ஹெட்டைத் திரும்பப் பூட்டியபோது, வால்வு இடைவெளி 0.015 அங்குலம் என்று அவர் கையால் எழுதியிருந்த பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தோம்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி, வேறொன்று வாங்கிவிட்டுப் போவதுதானே என்று சிலர் கேட்பார்கள், என்னிடம் கேட்டார்கள். 1988 முதல் இதற்கு முழு உடற்கூடே புதிதாகக் கிடைக்கிறது, அதில் எல்லாவற்றையும் மாட்டிக்கொள்ளலாமே என்றும் ஒருவர் சொன்னார். சில் பெட்டி துருப்பிடித்து உதிர்ந்த வண்டிக்கு அது நல்ல ஆலோசனை, அதை நான் குறைசொல்லவில்லை. என் வண்டியின் கூடு உறுதியாக இருந்தது. பதினான்கு மாதம் ஆயிற்று. செலவு, சந்தையில் இதே போன்ற ஒரு நல்ல வண்டி விற்கும் விலையைத் தாண்டியது. கணக்குப் பார்த்து முடிவெடுப்பவர் என்றால் கழித்துவிடுவதில் தவறே இல்லை. அப்படிச் செய்பவர் வண்டியை நேசிக்காதவர் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

ஒன்று உங்கள் கேள்வியில் இல்லை: ஏறியது மழை வெள்ளமா, கடல்நீர் கலந்ததா? மேலே எழுதியதெல்லாம் நன்னீருக்குப் பொருந்தும். உப்புநீர் என்றால் நாள் கணக்கில் நடக்கும் அரிப்பு மணிக்கணக்கில் நடக்கும். வயரிங்கையும் மின் மோட்டார்களையும் பிழைக்க வைக்கலாம் என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டும், சில் பெட்டிக்குள் ஒருமுறை கழுவினால் உப்பு போகாது. எந்தத் தண்ணீர் என்று கீழே எழுதுங்கள். எழுதுவதற்கு முன் போய் பிளக்குகளைக் கழற்றிவிட்டு வாருங்கள்.