எக்கோ நார்மல், படபடப்பு மட்டும் நிற்கவில்லை: 30,000 ரூபாய் கட்டி ‘சிட்டிங்’ போகலாமா?

கேள்வி: நாங்கள் குடியாத்தம். என் மனைவிக்கு 34 வயது, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. ஆறு மாதமாக, கம்பெனி வேனில் போகும்போது திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. செத்துவிடுவேன் என்று அழுகிறாள். மூன்று முறை எமர்ஜென்சிக்கு ஓடினோம். ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் 0.5 மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நான்கு மாதமாக அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி தினமும் போடுகிறாள். இப்போது தெரிந்தவர் ஒருவர் வேலூரில் ஒரு கவுன்சலிங் சென்டருக்கு அழைத்துப் போகிறேன் என்கிறார். ஹிப்னாடிசம், 12 சிட்டிங், 30,000 ரூபாய் முன்பணம், குணம் கேரண்டி. நகையை அடகு வைக்கலாமா? பேசுவதால் இது குணமாகுமா?

பதில்: நகையை அடகு வைக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது பேனிக் டிஸார்டர் என்று நாங்கள் சொல்லும் பீதி நோயோடு அச்சாகப் பொருந்துகிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மூன்று முறை எமர்ஜென்சிக்குப் போயிருக்கிறார், இதயம் நன்றாக இருக்கிறது என்று காகிதம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ‘இதற்குப் பெயர் இது, இதற்கு வைத்தியம் உண்டு’ என்று ஒருவரும் இரண்டு நிமிடம் உட்கார்ந்து சொல்லவில்லை. நார்மல் என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்பும் பெண், ‘அப்படியானால் நான் நடிக்கிறேனா’ என்றுதான் நினைப்பார். அவர் நடிக்கவில்லை. அட்ரினலின் உண்மையாகவே சுரக்கிறது, இதயம் உண்மையாகவே வேகமாக அடிக்கிறது. பயத்தில் மூச்சை வேகமாக இழுப்பதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் பெரும்பாலும் அதனால்தான். இந்தப் பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்கிவிடும்.

இறங்கும் நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? 1986-ல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் இதற்குச் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது. நெஞ்சு லேசாகப் படபடக்கிறது. ‘ஹார்ட் அட்டாக்’ என்று மனம் அர்த்தம் பண்ணிக்கொள்கிறது. அந்தப் பயத்தில் படபடப்பு கூடுகிறது, கூடிய படபடப்பு பயத்தை உறுதிசெய்கிறது. பேச்சு சிகிச்சை உடைப்பது இந்தச் சுழலைத்தான். பெயர் சி.பி.டி., அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. ‘பேச்சு’ என்று சொல்கிறோமே தவிர பாதி வேலை செய்து பார்ப்பதுதான். சிகிச்சையாளர் முன்னால் வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள், நின்ற இடத்தில் ஓடச் சொல்வார்கள். அதே படபடப்பு வரும், ஒன்றும் ஆகாமல் அடங்கும். அதை உடம்பே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்து, வேனில் கொஞ்ச தூரம் துணையோடு, பிறகு துணை இல்லாமல், பிறகு பர்ஸில் மாத்திரை இல்லாமல். வீட்டுப்பாடம் கண்டிப்பாக இருக்கும். பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டி இந்த நோய்க்குச் சொல்வது மொத்தம் 7 முதல் 14 மணி நேரம்.

இது வேலை செய்யுமா? 2000-ல் அமெரிக்காவில் 312 நோயாளிகளை வைத்து பார்லோ என்ற உளவியலாளரின் குழுவினர் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார்கள். சி.பி.டி.யும் இமிப்ரமின் மாத்திரையும் இரண்டுமே பலன் தந்தன. எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு பார்த்தபோது, சி.பி.டி. பெற்றவர்களுக்குக் கிடைத்த பலன்தான் அதிகம் நிலைத்தது. ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம், பலருக்குக் குணமாகும். ஹிப்னாடிசத்துக்கு இந்த நோயில் இப்படிப்பட்ட ஆதாரம் கிடையாது.

இப்போது அந்த ‘தெரிந்தவர்’. வெளியூர் நோயாளிகள் வந்து குவியும் ஊர் வேலூர். லாட்ஜ் வாசலில், ஆட்டோவில், ‘சீக்கிரம் பார்க்க வைக்கிறேன்’ என்று சொல்ல ஆள் இருக்கும். அழைத்துப் போகிறவருக்குக் கமிஷன் உண்டா என்று முகத்துக்கு நேராகக் கேளுங்கள். சிகிச்சை தருபவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமமான ஆர்.சி.ஐ.யில் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை அவர்கள் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். சுவரில் மாட்டிய ‘டிப்ளமோ இன் கவுன்சலிங்’ பதிவு ஆகாது. முதல் சிட்டிங்கில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில் ‘ஆழ்மனசு’ என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் அந்தந்தத் தடவை பணம், அவ்வளவுதான். கேரண்டி தருகிற யாரும் மருத்துவம் பார்க்கவில்லை, சீட்டு கட்டச் சொல்கிறார்கள்.

அல்பிரசோலம் விஷயத்தை நிதானமாகப் படியுங்கள். பீதி நோய்க்கு நாள்பட இந்த மாத்திரை வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும், ‘மாத்திரை இருந்ததால் பிழைத்தேன்’ என்ற நம்பிக்கையும் வேரூன்றிவிடும். ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே நிறுத்திவிடாதீர்கள். எப்போதாவது ஒன்று போட்டவருக்கு நிறுத்துவது பிரச்சினை இல்லை. உங்கள் மனைவி அப்படி அல்ல, நான்கு மாதம் தினமும் போட்டவர். திடீரென்று விட்டால் தூக்கம் போகும், நடுக்கம் வரும், பயம் முன்பைவிட அதிகமாகும். வலிப்புகூட வரலாம். ‘பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமல் முடியாது’ என்று அப்போது எல்லோரும் சொல்வார்கள். அது நோய் திரும்பியதாக இல்லாமல், மாத்திரையை விட்டதன் விளைவாகவும் இருக்கலாம். மனநல மருத்துவர் கணக்குப் போட்டு, வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தருவார். அதுவரை ஒரு வேளையும் தவறவிட வேண்டாம், கூட்டவும் வேண்டாம். பழைய சீட்டுக்கு மாதாமாதம் தரும் கடைக்காரர் உதவி செய்யவில்லை. இது ஹெச்1 பட்டியல் மருந்து, அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. விற்கும் ஒவ்வொரு முறையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரையை மருத்துவர் எழுதினால் பயப்பட வேண்டாம். பலன் தெரிய சில வாரம் ஆகும். ஆயுள் முழுக்க என்பதெல்லாம் இல்லை.

எங்கே போவது? அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. பாகாயம் என்றதும் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று தயங்க வேண்டாம், உங்கள் மனைவியைப் போன்றவர்களும் அங்கே வருகிறார்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் குடியாத்தம் அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று அங்கேயே விசாரியுங்கள். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசமாகக் கிடைத்துவிடும். பத்து மணி நேரம் உட்கார்ந்து சிகிச்சை தர ஆள்தான் இல்லை. 2017-ல் மனநலச் சட்டம் கொண்டுவந்து சிகிச்சையை உரிமை என்று எழுதியவர்கள், அதைத் தர ஆட்களை நியமிக்க வேண்டாமா? ஆகவே ‘சி.பி.டி. வேண்டும்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் மாத்திரைச் சீட்டோடு அனுப்பிவிடுவார்கள். இரவில் பயம் வந்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

போகும்போது பழைய ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனைத் தாள்களை ஒரே கவரில் போட்டு எடுத்துப் போங்கள். மாத்திரை அட்டையும் கூட இருக்கட்டும். மறுபடி எக்கோ எடுக்கச் சொன்னால், புதிதாக என்ன சந்தேகம் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.