ஸ்போர்ட்ஸ் காரில் டர்போ போய்விட்டது என்கிறார்கள், புதியது மாற்றினால் சரியாகிவிடுமா?

மாற்றினால் கொஞ்ச நாள் நன்றாக ஓடும். பழையது ஏன் போனது என்று பார்க்காமல் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். டர்போ, அதாவது எஞ்சின் புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, தானாகச் சாவது குறைவு. ஆயில் போதாமல், ஆயில் அழுக்காகி, இல்லையென்றால் காற்று வழியில் ஏதாவது உள்ளே போய், அதைக் கொல்வதுதான் அதிகம்.

பிக்கப் இல்லை, ஸ்கேனரில் பி0299 என்ற எரர் கோடு (கோளாறு எண்) வந்தது, அதை வைத்தே டர்போவை மாற்றச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் செகண்ட் ஹேண்டில் வாங்கியவராகத்தான் இருப்பீர்கள், பழைய சர்வீஸ் விவரம் முழுசாகக் கையில் இருக்காது. அந்தக் கோடு சொல்வது ஒன்றே ஒன்று: எஞ்சின் கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட், அதாவது டர்போ தர வேண்டிய காற்றழுத்தம், வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அதற்குத் தெரியாது. அதை ஒரு மனிதன்தான் தேட வேண்டும்.

இதே வார்த்தைகளை நானும் கேட்டவன் என்பதால் எழுதுகிறேன். என்னுடையது 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் 3,000 ஆர்பிஎம் தாண்டியும் முதுகில் அந்தத் தள்ளு இல்லை, ஊளை மட்டும் வேகத்தோடு ஏறிக்கொண்டே போனது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினார்கள், கோடு வந்தது, புது டர்போ போட்டார்கள். கொஞ்ச நாளிலேயே சைலன்சரில் ஆயில் எரியும் நீலப் புகை. திரும்பக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர்கள் சொன்ன முதல் வாக்கியம், "நீங்க ஓட்டுற விதம் அப்படி சார்." அது இன்னும் எனக்கு ஆறவில்லை. எஞ்சின் சூடாகும்வரை பூஸ்ட் ஏற்றாதவன், ஆயிலைக் கெடுவுக்கு முன்பே மாற்றுகிறவன் நான், அந்த பில் எல்லாம் அவர்கள் மேஜையிலேயே இருந்தது.

அப்புறம் பழைய டர்போ கார்களில் பல காலம் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்கேனர் பக்கமே போகவில்லை. டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் மெல்லிய ஃபீட் பைப்பைக் கழற்றி என் கையில் கொடுத்து ஊதிப் பார்க்கச் சொன்னார். காற்று போனது, ஆனால் முக்கி முக்கித்தான் போனது. அதை வைஸில் பிடித்து ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். உள்சுவர் முழுக்க ஆயில் வெந்து கருகிய கரி, நகத்தால் சுரண்டினால் அசையவில்லை, நடுவில் பென்சில் லெட் நுழைகிற அளவுக்குத்தான் வழி. பைப்பை இறுக்கும் பாஞ்சோ போல்ட்டின் துவாரத்தில் சிவப்பு சிலிக்கான் சீலன்ட் துணுக்கு ஒன்று. அதாவது புது டர்போவைப் போட்டவர்கள் பழைய பைப்பையே மாட்டி, கேஸ்கெட்டுக்கு மேல் சீலன்ட்டையும் அப்பியிருக்கிறார்கள். டர்போவின் நடுத்தண்டான ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடம் நீலம் பாய்ந்திருந்தது. "நீலம் பாய்ஞ்சிருந்தா ஆயில் வரலைன்னு அர்த்தம், கீறல் விழுந்திருந்தா ஆயில் அழுக்கு" என்றார். ஒரு டர்போவின் மரண விசாரணை அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,50,000 சுற்றுக்கு மேல்கூடச் சுற்றும். பெரும்பாலான டர்போக்களில் பால் பேரிங்கே கிடையாது, ஷாஃப்ட் மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டுதான் சுற்றுகிறது. ஒரு பக்கம் டர்பைன் வீலைச் சுற்றிவிடும், 900 டிகிரிக்கு மேல் போகக்கூடிய புகை, இன்னொரு பக்கம் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் வீல். ஆயில் சில விநாடி வராமல் போனாலே படலம் கிழிந்து உலோகம் உலோகத்தில் உரசும்.

அதனால் டர்போவில் கை வைப்பதற்கு முன் சுற்றுப்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்கள், கிளாம்ப்கள். ஒரு ஹோஸ் பூஸ்ட்டில் மட்டும் விரிகிற மாதிரி கிழிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஸ்மோக் டெஸ்ட் செய்தால் புகை அங்கே கசிந்து காட்டிக்கொடுக்கும். அடுத்து, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மிஞ்சும் பூஸ்ட்டைத் திருப்பிவிடும் டைவெர்ட்டர் வால்வின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று. அப்புறம், பூஸ்ட் அளவு மீறாமல் புகையை டர்பைனைத் தாண்டி வெளியே விடும் வேஸ்ட்கேட்: அதைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டருக்குக் கைப்பம்பால் அழுத்தமோ வேக்யூமோ கொடுத்தால் ராடு நகர வேண்டும், கொடுத்த அழுத்தம் இறங்காமல் நிற்க வேண்டும். சில கார்களில் இந்த வேக்யூம் குழாய்களே ஒரு காடு. மாஸ்டா ஆர்எக்ஸ்-7 கடைசித் தலைமுறையில் இரண்டு டர்போவை ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு இழுக்க அவ்வளவு குழாய்கள், சூட்டில் ஒன்று வெடித்தாலும் பூஸ்ட் தாறுமாறாகும், டர்போ இரண்டும் நன்றாக இருந்தாலும்.

இதெல்லாம் சரி என்றால் மட்டும் ஏர் பைப்பைக் கழற்றி ஷாஃப்ட்டை ஆட்டிப் பார்க்கலாம். இங்கேதான் நல்ல டர்போக்கள் நிறைய குப்பைக்குப் போகின்றன. பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருப்பது இயல்பு, ஆயில் படலத்துக்கு விட்ட இடைவெளி அது, எஞ்சின் நின்றிருக்கும்போது கையில் தெரியத்தான் செய்யும். முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால் கைக்கு ஆட்டம் தெரியக் கூடாது. வீலின் இறக்கை ஹவுசிங்கில் உரசிய தடம் இருந்தாலோ, முனை கடிபட்டிருந்தாலோ சந்தேகமே வேண்டாம், அது போய்விட்டது.

நீலப் புகை வந்தாலும் உடனே டர்போ சீல் என்று முடிவு கட்டாதீர்கள். டர்போவிலிருந்து ஆயில் திரும்புவது பம்பால் அல்ல, தானாக வடிந்துதான். ரிட்டர்ன் பைப் நசுங்கியிருந்தாலோ, எஞ்சின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்து அங்கே அழுத்தம் ஏறியிருந்தாலோ ஆயில் வடிய வழியில்லாமல் நல்ல சீலைத் தாண்டியே வெளியே வரும்.

எல்லா ஒர்க்‌ஷாப்பையும் திட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என்னைக் காப்பாற்றியவரும் மெக்கானிக்தான். பூஸ்ட்டை ஏற்றி டியூன் செய்த கார்களில் டர்போ உண்மையாகவே முதலில் போவதும் உண்டு. 1989இல் வந்த நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் டர்பைன் வீல் செராமிக், பூஸ்ட்டை அதிகம் ஏற்றினால் உடைந்துபோகும் என்று அந்தக் கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். உங்கள் காரில் முன்பிருந்தவர் டியூன் போட்டிருந்தால் அதையும் மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆயிலை நம்பியே உயிர் வாழும் எஞ்சினைச் செய்துவிட்டு, பல கார்களில் ஆயிலை அளந்து பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கையே எடுத்துவிட்டார்களே, இது என்ன நியாயம்? திரையில் ஒரு பச்சைக் கோடு காட்டுகிறார்கள். அளவு தெரியும், சரி. ஆயிலின் நிறம் தெரியுமா? பெட்ரோல் கலந்த வாசம் தெரியுமா? விரல் நடுவே வைத்துத் தேய்த்தால் தெரிகிற நறநறப்பு தெரியுமா? உரிமையாளன் தன் எஞ்சினைத் தானே பார்க்கக் கூடாது என்று யாரோ முடிவு செய்த மாதிரி இருக்கிறது, எனக்கு வயிறு எரிகிறது.

சரி, கடைசியில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஃபீட் பைப்பும் பாஞ்சோ போல்ட்டும் புதிதாக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், ஆயிலும் ஃபில்டரும் கூட. ஆயில் வழியில் எங்கேயும் சீலன்ட் வேண்டாம், கேஸ்கெட் போதும். கம்ப்ரஸர் வீல் உடைந்திருந்தால் இன்டர்கூலரில் உலோகத் துணுக்கு கிடக்கும், அதைச் சுத்தம் செய்யாமல் விட்டால் அது நேராக எஞ்சினுக்குள் போகும். டர்பைன் பக்கம் உடைந்திருந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரைத் திறந்து பார்க்க வேண்டும். மாட்டும்போது டர்போவின் ஆயில் துவாரத்தில் சுத்தமான ஆயிலை ஊற்றிக் கையால் வீலைச் சுற்றிவிட வேண்டும். பெட்ரோல் வராமல் நிறுத்திவைத்து, ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட், சில நிமிடம் ஐடிலில் மட்டும்.

கழற்றிய டர்போவையும் பைப்பையும் கையில் வாங்காமல் பில் கட்டாதீர்கள். எக்ஸ்சேஞ்சில் திருப்பித் தர வேண்டும் என்றால் ஷாஃப்ட்டையும் பைப்பின் வாயையும் பக்கத்தில் வைத்துப் படமாவது எடுத்துவையுங்கள். நாளைக்கு "நீங்க ஓட்டுற விதம்" என்று யாராவது ஆரம்பித்தால் காட்டுவதற்கு அது வேண்டும்.