எண்ணூறு படமும் ஒரு காளையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜல்லிக்கட்டை வரைவதற்காகப் பின்ட்ரஸ்டில் எண்ணூறு படங்கள் சேர்த்திருக்கிறேன். ஆனாலும் பென்சிலை எடுத்தால் எல்லோரும் வரைந்த அதே பாய்ச்சல்தான் வருகிறது. நான் வரைந்ததைப் பார்த்த மாமா, "இது நம்மூர் மாடே இல்லையே" என்கிறார். படத்தை இணைத்திருக்கிறேன். புது யோசனை எப்படி வரும்?

வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

மாமா சொல்வது சரி. உங்கள் காளைக்குக் கழுத்து முழுக்கப் புடைத்திருக்கிறது, திமில் இல்லை. அது ஸ்பெயின் சண்டைக் காளையின் உடம்பு. நாட்டுமாட்டுக்குத் திமில் தோளுக்கு மேலே தனியாக எழும். கழுத்துக்குக் கீழே மார்புவரை அலைதாடி தொங்கும். துள்ளும்போது இரண்டும் உடம்புக்குச் சற்றுப் பின்தங்கி ஆடும். வேகம் தெரிவது அங்கேதான். நிறமும் தவறு. காங்கேயம் கன்றுதான் செம்பழுப்பாக இருக்கும். சில மாதங்களில் சாம்பலாகிவிடும். வளர்ந்த காளைக்குத் திமிலும் தோளும் பின்தொடையும் கறுத்திருக்கும்.

எண்ணூறு படம் அதிகம் என்பதல்ல பிரச்சினை. என்ன வரையப்போகிறோம் என்று முடிவாகும் முன்பே சேர்த்துவிட்டீர்கள். முதலில் ஒரு ஏ4 தாளில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக எட்டுக் கட்டங்கள் போடுங்கள். கட்டத்துக்கு இரண்டு நிமிடம். மொத்தைப் பென்சில், கறுப்பு, சாம்பல், வெள்ளை மட்டும். ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு வேலை செய்துகொண்டிருக்கட்டும். வாடிவாசலுக்குப் பின்னால் மூக்கணாங்கயிற்றை அறுக்கும் கை. களத்தைத் தாண்டி ஓடிவரும் மாட்டுக்காகக் கயிற்றோடு காத்திருக்கும் உரிமையாளர். தடுப்புக் கட்டையில் தொற்றிக்கொண்டு காலை மேலே இழுப்பவர். முதல் மூன்று கட்டங்களில் பழைய பாய்ச்சலே வரும், வரட்டும், தீர்ந்துபோகும்.

ஒன்றைத் தேர்ந்தபின் அதை வரைய உங்களுக்குத் தெரியாதவற்றை மட்டும் தேடுங்கள். கயிறு அறுக்கும் காட்சிக்கு மூக்கணாங்கயிறு போகும் வழி, மூக்கின் ஈரம், கத்தி பிடித்த விரல்கள், நிழலான இடத்து வெளிச்சம். பதினைந்து படம் தாராளம். கைக்கு உங்கள் கையையே படமெடுக்கலாம்.

அசைவுக்கு நிழற்படத்தைவிடக் காணொளி நல்லது. யூடியூபை நிறுத்திவிட்டுக் கணினி விசைப்பலகையில் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு சட்டகமாக முன்னும் பின்னும் நகரும். ஐந்தாறு சட்டகங்களைக் குச்சி உருவமாக வரைந்தால் எந்தக் கால் எடையைத் தாங்குகிறது என்பது பிடிபடும். மாட்டின் முன்னங்காலில் முட்டி போலத் தெரிவது உண்மையில் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்பக்கம் துருத்துவது குதிகால். இதை மறந்தால் கால் தப்பான பக்கம் மடங்கும்.

பல படங்களை ஒட்டும்போது பெரும்பாலும் சொதப்புவது கோணம். கைப்பேசியில் அருகிலிருந்து எடுத்தால் முகம் பெருத்துப் பின்புறம் சிறுக்கும். மாடத்திலிருந்து ஜூம் செய்த படத்தில் முன்னும் பின்னும் அப்பிக்கொண்டு நிற்கும். இரண்டையும் ஒரே தாளில் வைத்தால் ஆள் மிதப்பார். ஒவ்வொரு படத்திலும் கண்மட்டக் கோட்டையும் (கேமரா இருந்த உயரத்தைக் காட்டும் கிடைக்கோடு) நிழல் விழும் திசையையும் குறித்து, ஒத்துப்போகாததைக் கழித்துவிடுங்கள். காலை எட்டு மணி நிழலும் உச்சிவெயில் நிழலும் சேராது.

இப்போது பின்ட்ரஸ்டில் ஏஐ செய்த மாடுகளும் நிறையத் திரிகின்றன. குளம்பைப் பாருங்கள்: பிளவுபட்ட இரண்டு குளம்பும், பின்னால் மேலே இரண்டு சிறு குளம்புகளும் இருக்க வேண்டும். கயிறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றும் பாருங்கள். தரையையும் கவனியுங்கள், பெரிய களங்களில் தென்னைநார்க் கழிவு பரப்புகிறார்கள், குளம்பில் கிளம்புவது வெறும் செம்மண் புழுதியாக இருக்காது.

ஒரு செய்திப் படத்தை அப்படியே பிரதியெடுத்து விற்பது வேறு விஷயம். இந்தியச் சட்டப்படி நிழற்படத்துக்கு, எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும் அவர் இறந்த பின் 60 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. அனுமதி கேளுங்கள், அல்லது பொங்கலுக்கு நீங்களே அவனியாபுரம் போய் எடுங்கள்.