மீதிக் கணக்கா? முதலில் ‘எதில்?’ என்று கேளுங்கள்

கேள்வி: 240 பக்கப் புத்தகத்தில் முதல் நாள் 1/4 பங்கு, மறுநாள் மீதியில் 1/3 பங்கு படித்தால் இன்னும் எத்தனை பக்கம் பாக்கி? என் மகள் 100 என்கிறாள். விடைப் பக்கத்தில் 120 என்று இருக்கிறது.

பதில்: மகளுக்குக் கணக்கு நன்றாகவே வருகிறது. 1/4-ஐயும் 1/3-ஐயும் கூட்டினால் 7/12. 240-ல் அது 140, பாக்கி 100. இதில் ஒரு பிசகும் இல்லை. அவள் கண்ணில் படாமல் போனது ‘மீதியில்’ என்ற ஒரு சொல்தான். முதல் நாள் 60 பக்கம் போனதுமே 240-க்கு வேலை முடிந்துவிட்டது. இனி முழுசு என்றால் 180. அதில் மூன்றில் ஒன்று 60, பாக்கி 120.

ஒரு பட்டை வரைந்து நான்கு கட்டமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். முதல் நாளுக்கு ஒரு கட்டத்தை அடித்துவிட்டால் நிற்பது மூன்று. அந்த மூன்றில் ஒரு பங்கு என்பது இன்னொரு கட்டம். அதையும் அடித்தால் மிஞ்சுவது நான்கில் இரண்டு, அதாவது பாதிப் புத்தகம். 240 என்ற எண்ணைத் தொடாமலே விடை வந்துவிட்டது பாருங்கள். கேள்வியில் ‘மீதியில் 2/5’ என்று இருந்தால் மூன்று கட்டங்கள் ஐந்து பங்காகப் பிரியாது; அப்போது ஒவ்வொரு கட்டத்தையும் ஐந்தாகக் கீறினால் சரியாகிவிடும்.

சில நாளைக்கு, கேள்வியில் வரும் ஒவ்வொரு பின்னத்தின் தலையிலும் பென்சிலால் ‘எதில்?’ என்று எழுதிப் பழகட்டும்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். கடைசி மீதியைக் கொடுத்து மொத்தம் கேட்கிறார்கள். எக்ஸ் வைத்துப் போட்டால் நேரம் போகிறது. குறுக்குவழி உண்டா?

பதில்: உண்டு, அதுவும் பழைய வழி. எடுத்த பங்கை விட்டுவிட்டு, நின்ற பங்குகளை மட்டும் பெருக்குங்கள். பாஸ்கராச்சாரியார் 1150 வாக்கில் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் ஒரு யாத்ரீகர் வருகிறார். கையிலிருந்ததில் பாதியைப் பிரயாகையிலும், மீதியில் 2/9 பங்கைக் காசியிலும், அதன் மீதியில் 1/4 பங்கை வழிச் சுங்கத்துக்கும், அதன் மீதியில் 6/10 பங்கைக் கயையிலும் கொடுக்கிறார். கடைசியில் கையில் 63 நிஷ்கம் (அந்தக் காலத்து நாணயம்). நின்ற பங்குகள் 1/2, 7/9, 3/4, 4/10. பெருக்கினால் 7/60. அறுபதில் ஏழு பங்கு 63 என்றால் ஒரு பங்கு 9, மொத்தம் 540. எக்ஸ் எட்டியே பார்க்கவில்லை!

ஏன் பெருக்கல் என்று கேட்டால் தமிழிலேயே பதில் இருக்கிறது. அரையும் காலும் சேர்ந்தால் முக்கால். ஆனால் அரைக்கால் என்றால் காலில் அரை, 1/8. ‘உம்’ வந்தால் கூட்டல், ‘இல்’ வந்தால் பெருக்கல்.

கேள்வி: முதலில் 1/3 எடுத்து, மீதியில் 1/4 எடுப்பதும், முதலில் 1/4 எடுத்து, மீதியில் 1/3 எடுப்பதும் ஒன்றா?

பதில்: கடைசி மீதி ஒன்றுதான், பாதி. 2/3-ஐயும் 3/4-ஐயும் எந்த வரிசையில் பெருக்கினால் என்ன? ஆனால் அவரவர் பங்கு மாறும். முதல் முறையில் முதல் ஆளுக்கு 1/3, அடுத்தவருக்கு 1/6. இரண்டாம் முறையில் இருவருக்கும் ஆளுக்கு 1/4. பாகப்பிரிவினை என்றால் சண்டை வரும்.

கேள்வி: ‘பாதியும் அதற்கு மேல் 4-உம் எடுத்தான். மீதியிலும் அப்படியே பாதியும் 4-உம் எடுத்தான். 10 மிஞ்சியது.’ பெருக்கல் வழியில் வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: வராது. ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 4 பங்கு அல்ல, எண்ணிக்கை. இங்கே வந்த வழியே பின்னால் நடக்க வேண்டும். அவன் முதலில் பாதியை எடுத்தான், பிறகு 4. திரும்பும்போது முதலில் 4-ஐக் கொடுங்கள், பிறகு இரட்டியுங்கள். 10-உடன் 4 சேர்த்தால் 14, இரட்டித்தால் 28. அதனுடன் 4 சேர்த்தால் 32, இரட்டித்தால் 64. என்னிடம் படிக்க வருபவர்களில் பலர் முதலில் 10-ஐ இரட்டித்து, பிறகு 4-ஐக் கூட்டி 24 என்று போவார்கள். அங்கேயே வண்டி தடம் மாறிவிடும்.

முன்னால் ஓட்டிச் சரிபாருங்கள்: 64-ல் 32-உம் 4-உம் போக 28. அதில் 14-உம் 4-உம் போக 10.

கேள்வி: 20 சதவீதம் தள்ளுபடி, அதன்மேல் இன்னொரு 10 சதவீதம். மொத்தம் 30 தானே?

பதில்: 28. இரண்டாவது பத்து, மீதி 80-ல்.

கேள்வி: தினமும் மீதியில் பாதியை எடுத்துக்கொண்டே போனால் என்றைக்குத் தீரும்?

பதில்: காகிதத்தில் என்றைக்கும் தீராது. பத்தாம் நாள் 1024-ல் ஒரு பங்கு நிற்கும், பதினோராம் நாள் அதிலும் பாதி. கோலிக்குண்டு என்றால் அதற்கு வெகு முன்பே ஒற்றைப்படையில் வந்து முட்டிக்கொள்ளும்.